தலைவர் உள்ளே இருக்கிறார்

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இளம்பரிதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல கனமான பித்தளைக் கைப்பிடி. அது இருக்க வேண்டிய கழிவறைக் கதவில் இப்போது ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் சங்கத் தலைவர் ராமசுப்பிரமணியன் இருந்தார்.

"கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளிப் பாருங்கன்னுதானே சொன்னேன்? பேத்து எடுக்கவா சொன்னேன்?" என்றாள் மதிவதனி.

"மெதுவாத்தாங்க தூக்கினேன்."

"இப்ப அவரு எப்படி வெளியில வருவாரு?"

ஐப்பசியிலிருந்து ஊற்றுகிற மழையில் தஞ்சாவூரில் உப்பாத கதவு எது? இந்தக் கதவு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே உப்பிப்போயிருந்தது. போதாக்குறைக்குக் கழிவறைக்கு மேலே தகரக் கூரை. மழை அதில் விழுந்து போட்ட சத்தத்தில் உள்ளே இருப்பவர் கத்துவது ஏதோ முனகல் மாதிரிதான் கேட்டது. தலைவருக்கு ஏற்கெனவே கீச்சுக்குரல். போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்கம்மா" என்பார்கள்.

உள்ளே இருப்பது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாரும் கீழே டீ குடித்துவிட்டு மாடியேறி வந்தபோது கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து ஆணியில் தலைவருடைய கறுப்புக் கோட்டு தொங்கியது. அவருக்குப் போன் போட்டால் கோட்டுப் பைக்குள் மணியடித்தது. வக்கீல்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா என்ன?

"தச்சரைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சிருவோம்" என்றான் இளம்பரிதி.

"சங்கத்தின் செயலாளர் பேசற பேச்சா இது?" என்றபடி முன்னால் வந்தான் முகுந்த். "சங்கச் சொத்தைச் சேதப்படுத்தணும்னா முதல்ல தீர்மானம் வேணும்."

முகுந்த் சொன்னது சரிதான். அதுதான் கஷ்டம்.

மற்ற வக்கீல்கள் இருக்கிற சட்டத்தை வைத்துச் சண்டை போடுவார்கள். தஞ்சை மசோதா வரைவு வழக்கறிஞர் சங்கத்து வக்கீல்கள் இனிமேல் வரவேண்டிய சட்டத்தை எழுதுவார்கள். எழுதிய மசோதாவை எந்த எம்.பி.யாவது தனிநபர் மசோதாவாகக் கொண்டுபோனால் நாடாளுமன்றத்தில் அதை அறிமுகப்படுத்தலாம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை ஒருத்தரும் ஒன்றையும் கொண்டுபோகவில்லை. அதற்காக எழுதுவதை இவர்கள் நிறுத்தவுமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஆளுக்கு நாலு வரப்புத் தகராறு வழக்குகள் இருந்தன.

பழக்க தோஷத்தில் சங்கத்துக்குள்ளும் எல்லாமே நாடாளுமன்ற முறைப்படிதான் நடக்கும். டீயில் சர்க்கரை குறைப்பதென்றாலும் மூன்று வாசிப்பு, திருத்தம், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. ஃபேன் ரிப்பேர் மசோதா போன கோடையிலிருந்து தேர்வுக் குழுவில் கிடக்கிறது. குழு மாதாமாதம் கூடி, வியர்த்துக் கொட்டிவிட்டுக் கலையும்.

அப்படிப்பட்ட சங்கத்துக்கு இன்று விடிவுகாலம். மாநிலங்களவை உறுப்பினர் மெஹராஜ் பேகம், அதிராம்பட்டினத்துக்காரர், மதியம் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். "உங்க சங்கம் ஒரே ஒரு மசோதாவை நிறைவேத்தி வைங்க. குளிர்காலக் கூட்டத்தொடர்ல நான் கொண்டுபோறேன்" என்று அவர் தலைவரிடம் போனில் சொல்லியிருந்தார். ஒன்றே ஒன்று. போட்டியில் இருந்தவை இரண்டு.

முதலாவது முகுந்தின் 'சட்டங்களைச் சுருக்குதல் மசோதா'. அது இருநூறு பக்கத்துக்கு மேல்.

இரண்டாவது இளம்பரிதியின் 'கடைமடை மசோதா'. இரண்டே தாள். அணை திறந்தால் ஆற்றின் தலைப்பில் இருப்பவர்கள் இரண்டாம் நனைப்பு எடுப்பதற்குள் கடைசி வாய்க்காலின் கடைசி வயல் ஒருமுறையாவது நனைந்திருக்க வேண்டும் என்பதுதான் மொத்தச் சட்டமும். பந்தியில் கடைசி இலைக்குச் சோறு விழாமல் முதல் இலைக்கு யாரும் மோர் ஊற்றுவதில்லையே என்று நோக்க உரையில் எழுதியிருந்தான். அந்தக் கடைசி வயல்களில் ஒன்று கீழ்வேளூர்ப் பக்கம் அவனுடைய அப்பா இளையபெருமாளுடையது. ஊரார் வயலில் நாற்று சுமந்த மனிதர், நடுவயதுக்கு மேல் சொந்தமாக வாங்கிய நிலம். ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வந்து சேருவதற்குள் நாற்று பழுத்துவிடும். இளம்பரிதி சட்டம் படித்ததே இந்த இரண்டு தாளை எழுதத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

சங்கத்தில் தலைவரோடு சேர்த்து ஏழு பேர். கடைமடைக்கு இளம்பரிதி, மதிவதனி, பெரியவர் ரெத்தினம் என்று மூன்று ஓட்டு. சுருக்குதலுக்கு முகுந்தும், முகுந்தின் முகத்தைப் பார்த்துக் கை தூக்கும் இருவரும். மிச்சம் தலைவருடைய ஓட்டு. முகுந்த் தலைவரின் சொந்தத் தங்கை மகன். முடிவு என்னவென்று கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. இளம்பரிதி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"சரி, தீர்மானம் போடுவோம். ரெத்தினம் அண்ணன் தலைமை தாங்கட்டும்" என்றான்.

"அது எப்படி? தலைவர் வளாகத்துக்குள்ள இருக்கிறப்போ வேற யாரும் தலைமை தாங்கக் கூடாது. பாத்ரூமும் வளாகம்தானே? வாடகை கொடுக்கறோமே!" என்றான் முகுந்த்.

"அதுக்காக அவரு உள்ளேயிருந்து சபை நடத்துவாராய்யா?" என்றார் ரெத்தினம்.

"ஏன் நடத்தக் கூடாது? காது கேட்குது, கை இருக்கு." முகுந்த் கதவில் வாயை வைத்துக் கத்தினான். "மாமா! கதவை உடைக்கறதுக்கு ஒரு தீர்மானம்! ஆதரவுன்னா ஒரு தடவை தட்டுங்கோ! எதிர்ப்புன்னா..."

அவன் முடிப்பதற்குள் உள்ளேயிருந்து டம் டம் என்று இரண்டு தட்டு விழுந்தது.

"...ரெண்டு தடவை" என்று முடித்தான் முகுந்த். "எதிர்ப்பு. தீர்மானம் தோத்துடுத்து."

"யோவ், அவரு காப்பாத்தச் சொல்லித் தட்டுறாருய்யா!"

"தட்டினவரோட மனசுல என்ன இருந்ததுன்னு சபை ஆராய முடியாது, பரிதி. ஓட்டு ஓட்டுதான்."

"அப்ப மறுபடியும் கேளுங்க."

"ஒரு கூட்டத்தொடர்ல தோத்த தீர்மானத்தை அதே கூட்டத்தொடர்ல மறுபடி கொண்டு வர முடியாது. விதியை எழுதினதே நீங்கதானே?"

அவன்தான் எழுதியிருந்தான். போன வருஷம் முகுந்த் ஏ.சி. வாங்கும் தீர்மானத்தை மாற்றி மாற்றிக் கொண்டு வந்ததைத் தடுப்பதற்காக எழுதியது. இளம்பரிதி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கூட்டத்தொடரை முடிச்சுட்டுப் புதுசா தொடங்கலாமே?" என்றாள் மதிவதனி.

"முடிச்சு வைக்கிற அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். அவர் வெளில வந்து கையெழுத்துப் போட்டா முடிச்சுடலாம்" என்றான் முகுந்த், வெகு சாந்தமாக.

அந்த நேரம் பார்த்து இளம்பரிதியின் போன் அடித்தது. அப்பா.

"தம்பி, பாஸாயிருச்சா?"

"இன்னும் இல்லப்பா. தலைவர் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு."

இளையபெருமாள் கொஞ்சம் யோசித்தார். "ஓட்டுப் போட்டுட்டு மாட்டிக்கிட்டாரா, போடாம மாட்டிக்கிட்டாரா?"

"போடலைப்பா."

"அப்ப சீக்கிரம் வெளியில எடுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே இருப்பவருக்கு இந்நேரம் நா வறண்டிருக்கும், கைகால் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று இளம்பரிதிக்குத் தோன்றியது. அந்தக் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டி விரிசல் விட்டு வெகுநாளாயிற்று. கீழே மோட்டாரைப் போட்டால் தண்ணீர் நேரே குழாயில் ஏறும். தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கடை, முதல் மாடியில் தையல் வகுப்பு, இரண்டாவது மாடியில் டியூஷன், மூன்றாவது மாடியில் சங்கம். அவன் கீழே ஓடி மோட்டாரைப் போட்டான்.

"வக்கீல் சார் மோட்டார் போட்டுட்டாரு! அண்டா, குண்டான் எல்லாத்தையும் எடு!" என்று சாப்பாட்டுக் கடைக்குள் குரல் கேட்டது. முதல் மாடியில் குடம் வைக்கிற சத்தம். இரண்டாவது மாடியில் பக்கெட் நிறைகிற சத்தம்.

"கொஞ்சம் குழாயை மூடுங்கம்மா! மேல பெரியவர் ஒருத்தரு தண்ணியில்லாம இருக்காரு!"

"எங்களுக்கு வந்தது போக மிச்சம் மேல வரும் சார்" என்றார் சாப்பாட்டுக் கடைக்காரம்மா.

இளம்பரிதி அப்படியே நின்றான். இதே வாக்கியத்தைத் தலைப்பு வாய்க்கால்காரர்கள் அப்பாவிடம் சொல்லி அவன் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான். வெளியே மழை கொட்டுகிறது, தெரு முழங்காலளவு ஓடுகிறது, மூன்றாவது மாடிக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. அவனுக்கு அழுகை வருகிற மாதிரி கோபம் வந்தது. மோட்டாரை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மேலே ஏறும் என்று விட்டான். ஏதோ பொசுங்குகிற வாசனை வந்தது. அப்புறம் கட்டடம் முழுவதும் கரண்ட் போய்விட்டது.

மேலே வந்தபோது ரெத்தினம் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "பாவம், மனுஷன் இருட்டுல வேற உக்காந்திருக்காரு. யாருப்பா லைட்டை அணைச்சது?"

இளம்பரிதி பித்தளைக் கைப்பிடியை மறுபடியும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைங்க" என்றாள் மதிவதனி. "இந்தக் கதவை எப்படித் தூக்கித் திறக்கணும்னு நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே தலைவர்தானே? அவரு எப்படி மாட்டினாரு?"

"வயசாச்சுல்ல?" என்றார் ரெத்தினம்.

முகுந்த் கடிகாரத்தைப் பார்த்தான். "எம்.பி. வர்றதுக்குள்ள வாக்கெடுப்பை முடிச்சாகணும். மசோதா இல்லாம அவங்களை வெறுங்கையோட அனுப்ப முடியாது. தலைவர் உள்ள இருந்தே ஓட்டுப் போடட்டும்."

மாமாவின் ஓட்டு எங்கேயிருந்து விழுந்தாலும் மருமானுக்குத்தான் என்ற தைரியம் அவனுக்கு. இளம்பரிதிக்கும் அது தெரியும். ஆனால் வேறு வழியில்லை.

"அப்ப ரெண்டு மசோதாவையும் தலைவருக்குப் படிக்கக் கொடுக்கணும். உறுப்பினர் கையில பிரதி இல்லாம வாக்கெடுப்பு கூடாது" என்றான்.

அவனுடைய இரண்டு தாளும் கதவின் அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டன. முகுந்த் தன் மசோதாவை மொத்தமாகத் திணித்தான். போகவில்லை. கொத்துக் கொத்தாகப் பிரித்துச் சொருகினான். பாதி வழியில் நின்றுவிட்டது. காலால் ஓர் உதை விட்டான். சட்டங்களைச் சுருக்குவதற்கான மசோதா கதவுக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்துகொண்டது.

மதிவதனி கதவைத் தள்ளிப் பார்த்தாள். முன்பு அசைந்துகொண்டாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள். "உள்ள இருக்கறவருக்கு இனிமே சாப்பாடு போடறதுக்கு ஒரு மசோதா கொண்டு வாங்க."

வாக்கெடுப்பு தொடங்கியது. முதலில் கடைமடை. முகுந்த் எழுந்து நின்று, "தண்ணீர் மாநிலப் பட்டியல். இதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது" என்று ஆட்சேபித்தான். இளம்பரிதி, "ரெண்டு மாநிலத்துல ஓடற நதி மத்தியப் பட்டியல்" என்று பதில் சொன்னான். கைகள் உயர்ந்தன. ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று.

ஆறு பேரும் கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆறு வக்கீல் தொண்டைகளும் ஒன்றாகத் திறந்தன.

"தலைவரே! கடைமடை மசோதா! ஆதரவுன்னா ஒண்ணு! எதிர்ப்புன்னா ரெண்டு!"

மழைச் சத்தம்தான் கேட்டது. இளம்பரிதி கண்ணை மூடிக்கொண்டான். அப்பா வரப்பில் குடையோடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

டம்.

இரண்டாவது தட்டுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"ஒண்ணு!" என்று ரெத்தினம் துள்ளினார். முட்டி வலிக்காரர் அவர்.

"இருங்கோ, இருங்கோ! கை வழுக்கியிருக்கும்!" முகுந்தின் முகம் வெளுத்துவிட்டது. "மாமா! மறு வாக்கெடுப்பு! நன்னா யோசிச்சுத் தட்டுங்கோ! இளம்பரிதியோட மசோதா! என்னோடது இல்லை!"

டம்.

முன்பைவிட பலமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரே ஒரு தட்டு. இளம்பரிதிக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைவரைப் பற்றி இத்தனை நாள் மனதுக்குள் நினைத்ததற்கெல்லாம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டான். சொந்தத் தங்கை பிள்ளையை விட்டுவிட்டுக் கீழ்வேளூர் வயலுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறாரே, இவரல்லவா மனுஷன்!

"அடுத்து என் மசோதா" என்றான் முகுந்த் பல்லைக் கடித்தபடி. "சுருக்குதல் மசோதா! மாமா! அம்மா உங்களுக்காக ரவா லட்டு பண்ணி அனுப்பியிருக்கா! ஆதரவுன்னா ஒண்ணு!"

டம் டம் டம் டம் என்று கதவு அதிர்ந்தது. நிற்கவே இல்லை. மேலேயிருந்து காரை உதிர்ந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றான் முகுந்த் பரிதாபமாக.

"எதிர்ப்புக்கு ரெண்டுன்னா, இது பலமான எதிர்ப்பு" என்றார் ரெத்தினம். "உன் மசோதாவால கதவே திறக்கலைங்கற கோபமா இருக்கும்."

"கடைமடை மசோதா நிறைவேறியது!" என்று மதிவதனி அறிவித்தாள். இளம்பரிதி போனை எடுத்தான். "அப்பா, பாஸாயிருச்சுப்பா" என்றான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

அப்போது மாடிப்படியில் தொப்தொப்பென்று ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே தலைவர் ராமசுப்பிரமணியன் தெரிந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னய்யா எல்லாரும் பாத்ரூமைப் பார்த்து நின்னுண்டிருக்கேள்?" என்றார் கீச்சுக்குரலில்.

இளம்பரிதியின் கையிலிருந்த போனில் இளையபெருமாள் மட்டும், "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க... எங்க போனீங்க?" என்றாள் மதிவதனி.

"ஸ்டேஷனுக்கு. எம்.பி.யை யார் போய் வரவேற்கறதுங்கற மசோதாவைத்தான் போன வாரம் நீங்க தேர்வுக் குழுவுக்கு அனுப்பிட்டேளே! சபை கூடாத நேரத்துல தலைவர் அவசரச் சட்டம் போடலாமோல்லியோ? எனக்கு நானே ஒண்ணு போட்டுண்டு கிளம்பிட்டேன். மழைல கோட்டு நனையுமேன்னு இங்கயே மாட்டிட்டுப் போனேன், போனையும் அதுலயே விட்டுட்டேன். ரயில் வந்தது, போச்சு. அந்த அம்மா வரலை. ரயில் பாதை வெள்ளக்காடா இருக்கே, வண்டி லேட்டாகுமேன்னு விடியறப்பவே கார்ல கிளம்பிட்டாளாம். டிரைவரைக் கீழே டீக்கடையில பார்த்தேன். கைப்பை, போன் எல்லாம் அவன்கிட்ட இருக்கு. மேடம் மேல போய் ரொம்ப நேரமாச்சு சார்ங்கறான். எங்கே அவா?"

மதிவதனி மெதுவாகக் கதவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

டம் டம் என்றது கதவு.

தலைவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அந்த வயதிலும் பாய்ந்தார். முகுந்தின் மசோதாவைக் கொத்தாகப் பிடுங்கி வீசினார். "மாமா, கதவை உடைக்கற தீர்மானம் ஏற்கெனவே தோத்து..." என்று ஆரம்பித்த முகுந்தை, "அவசரச் சட்டம்டா!" என்று ஓர் அதட்டல் போட்டார். குடை நுனியைக் கதவின் அடியில் கொடுத்து நெம்பி, "ஒதுங்கி நில்லுங்கோம்மா!" என்று கத்திவிட்டுத் தோளால் ஓர் இடி இடித்தார். கதவு பெரிய கிறீச்சலோடு திறந்துகொண்டது.

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாநிலங்களவை உறுப்பினர் மெஹராஜ் பேகம் வெளியே வந்தார். தட்டித் தட்டிக் கைமுட்டி சிவந்திருந்தது. கையில் இரண்டு தாள் இருந்தது.

"முதல்ல கொஞ்சம் தண்ணி" என்றார்.

ரெத்தினம் தன் பாட்டிலைக் கொடுத்தார். எம்.பி. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். இளம்பரிதிக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"அம்மா, மன்னிச்சுக்கணும்" என்றார் தலைவர் கும்பிட்டபடி. "இவங்க நான் உள்ள இருக்கேன்னு நினைச்சுட்டாங்க. நீங்க கூப்பிட்டது மழையில கேட்கலை போலிருக்கு."

"நீங்க ஆறு பேரும் கத்தினது எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. நான் ஒருத்தி கத்தினதுதான் உங்களுக்குக் கேக்கலை. எனக்கு இது பழக்கம்தான்." அவர் தாள்களை நீவிவிட்டார். "கீழ மோட்டார் ஓடுது, எல்லா மாடியிலயும் தண்ணி ஊத்துற சத்தம் வருது, என் குழாயில காத்து மட்டும் வருது. அந்த நேரத்துல இது கதவுக்கடியில வந்துச்சு. வென்டிலேட்டர் வெளிச்சத்துல படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். யார் எழுதினது?"

இளம்பரிதி கையை உயர்த்தினான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"இதைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"ஒழுங்குப் பிரச்சினை!" முகுந்த் குறுக்கே வந்து நின்றான். "அந்த வாக்கெடுப்பே செல்லாது. தலைவர் உள்ளயே இல்லை. தட்டினது சங்கத்து உறுப்பினரே கிடையாது."

இளம்பரிதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். விதி அப்படித்தான் சொல்லியது. அதையும் அவன்தான் எழுதியிருந்தான். காதோரம் போனில் அப்பா மூச்சுவிடுவது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மெஹராஜ் பேகம் இரண்டு தாளையும் நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பத்து வருஷமா டெல்லியில மேசையைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் தம்பி. நான் தட்டி ஒரு மசோதா நிறைவேறினது இன்னைக்குத்தான், அதையும் செல்லாதுன்னு சொல்லிடாதீங்க."